எடை மேடைக்காரர் இளைத்த கதை

என் அக்கா புருஷனை ஏமாற்றிவிட்டு எந்த லாரியும் எடை மேடையைத் தாண்டியதில்லை. லாரிகளை எடை போட்டுச் சீட்டு கொடுப்பதுதான் அவர் வேலை. காலி லாரியின் எடையைக் கூட்டிக் காட்ட வண்டிக்குள் ஆளைப் பதுக்கி வைப்பார்கள். சரக்கின் எடையைக் குறைத்துக் காட்ட ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விடுவார்கள். மாமா கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். நானும் லாரி ஓட்டுகிறவன்தான், எனக்கும் சலுகை கிடையாது. "மச்சினனாவது மண்ணாங்கட்டியாவது, சக்கரத்தை மேல ஏத்துடா மாப்ளே!" என்று ஊரே கேட்கக் கத்துவார். அப்போதெல்லாம் அவர் வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது.

போன வருடம் இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர்கூடத் துரு ருசி அடிக்கிறது என்பார். எண்ணெய் காயும் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அக்காவோ அடுப்பை விட்டு நகரவில்லை. முட்டை, சூப், மீன், பழச்சாறு என்று மாற்றி மாற்றிச் செய்வாள். "எனக்காக ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவாள். கெஞ்சல் பலிக்காவிட்டால் திட்டுவாள்.

"நாள் பூரா அடுப்புல வெந்து சாகறேன், மனுஷனுக்கு வாயைத் திறக்க வலிக்குதா?"

வலிக்கத்தான் செய்தது. வாய் முழுக்கப் புண்.

ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றும் முன்னால் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் மருந்தின் அளவு. இன்னும் இறங்கினால் மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நின்றால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அது எங்களுக்கே தெரியும்.

எடை குறைந்த நாளெல்லாம் வீட்டுக்கு வந்ததும் அக்கா பட்டினி கிடப்பாள். பிறகு திடீரென்று இறங்குவது நின்றது. இரண்டு தடவை தொடர்ந்து அதே எடை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் என் கைப்பக்குவம்டா" என்று போனில் பீற்றிக்கொண்டாள். மாமாவின் கன்னம் ஒட்டிக்கொண்டே போனதை நானும் பார்த்தேன். ஆனால் நல்ல சேதியை யார் கிளறுவார்கள்?

அடுத்த தடவை அவர்கள் இரண்டு பேரோடு நானும் போனேன். மாமா எடைக் கருவி மேல் ஏறி நின்றார். நர்ஸ் குனிந்து பார்ப்பதற்குள், பெல்ட்டையும் மீறி அவர் பேன்ட் சரசரவென்று இறங்கி விழுந்தது. கணீர் கணீரென்று சத்தம். பையிலிருந்து லாரிச் சக்கர நட்டுகள் தரையெல்லாம் உருண்டன.

யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் குளிப்பார், துணி மாற்றுவார். அந்தக் கால்களை அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள். தொடை என்று ஒன்று இல்லை. முட்டி மட்டும் பெரிதாக இருந்தது. நான் குனிந்து பேன்ட்டைத் தூக்கப் போனேன்.

"விடு மாப்ளே, நானே போட்டுக்கறேன்."

நட்டுகளைப் பொறுக்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எதுவுமே வரவில்லை.

மறுபடி எடை பார்த்தார்கள். டாக்டர் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

"இல்லாத உடம்புக்கும் சேர்த்து மருந்து ஏத்தியிருக்கோம். அதான் இப்படி அடிச்சுப் போட்டிருக்கு. இந்த எடையில இனி மருந்து தாங்காது. மூக்கு வழியா குழாய் போட்டு சத்துப் பால் குடுத்துப் பார்ப்போம். எடை ஏறினாத்தான் மருந்து."

"நான் எதைச் சமைக்காம விட்டேன் டாக்டர்?" என்றாள் அக்கா.

"உங்க சமையல்ல ஒரு குறையும் இல்லைம்மா. இந்த வியாதி சதையையும் தின்னுடும், பசியையும் கொன்னுடும். மல்லுக்கட்டி ஊட்டினா சரியாகிடாது."

அக்கா தலையாட்டினாள். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் வெடித்தாள்.

"ஊர்த் திருட்டையெல்லாம் பிடிச்ச மனுஷன்! உங்களுக்கே இது நல்லாருக்கா? செத்துத் தொலையணும்னு அவ்வளவு ஆசையா?"

மாமா தரையைப் பார்த்தபடியே பேசினார். "எடை குறைஞ்சா அன்னிக்கு நீ சாப்பிடறதில்லை. நீயும் பாதியாயிட்டே. எனக்கு ஒரு வாய் இறங்க மாட்டேங்குது. நட்டுன்னா தூக்க முடிஞ்சுது. அதான்."

அக்கா அவர் பெல்ட்டை இழுத்து இறுக்கிவிட்டாள்.

குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வேளை தவறாமல் சத்துப் பாலைக் கரைத்து, மூக்குக் குழாயில் மாட்டிய பெரிய ஊசிக் குழலில் ஊற்றி, உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள் அக்கா. முதலில் எடை கொஞ்சம் ஏறியது. எங்களுக்கு நப்பாசை வந்தது. பிறகு ஏறியதையும் சேர்த்து இறங்கியது. டாக்டர் என்னையும் அக்காவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனி மருந்து வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் என்ன சொன்னார் என்று மாமா கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அக்கா கை கழுவிவிட்டு வந்தாள். பாலைக் கரைத்தாள். குழலைத் தூக்கிப் பிடித்தாள். பால் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"உப்பு போதுமா?" என்றாள்.

பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மாமா நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"போதும்" என்றார். "நல்லா இருக்கு."