நேர்ந்துவிட்ட சேவல்

காசம்மாள் அக்காவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அப்புறம். அப்போது பிரெஞ்சுக்காரன் ஆண்ட மடுகரையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். புருஷன் போனபின் ஒரு காணி நிலத்தைத் தானே பார்த்து, ஒரே மகன் குழந்தைவேலை ஆளாக்கியவள். அவன் கல்யாணமான ஆறாம் மாதமே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறினான். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது.

அக்கா ஒரு சேவல் குஞ்சின் காலில் மஞ்சள் துணி கட்டி, "எம்புள்ள உசுரோட வந்தா இது உனக்கு" என்று முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டாள்.

மருமகள் அமிர்தம் கைப்பக்குவம் உள்ளவள். கோழி அடித்தால் கத்திரிக்காய், முருங்கைக்காய் எல்லாவற்றையும் அதே சட்டியில் போட்டுவிடுவாள். "கூட்டாஞ்சோறா ஆக்குற?" என்று கேலி செய்துகொண்டே அக்கா இரண்டாம் தடவையும் வாங்கித் தின்பாள். கொடுமைக்கார மாமியார் என்று நாக்கில் நரம்பில்லாமல் யாரும் சொல்லிவிடக் கூடாது.

நாற்பத்து நாலாம் வருஷ ஐப்பசி மழையில் அமிர்தத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வரும் முறைக்காய்ச்சல் கண்டது. இருபதே நாளில் எலும்பும் தோலுமானாள். வைத்தியர் நாடி பிடித்துவிட்டு, "கோழி அடிச்சு மிளகு தட்டிப் போட்டு சாறு குடு. கஞ்சியில உசுரு நிக்காது" என்றார். அந்த வருஷம் வந்த கழிச்சலில் அக்கா வீட்டுக் கோழிகள் எல்லாம் செத்திருந்தன. மிஞ்சியது அந்தச் சேவல்தான்.

"அக்கா, அந்தச் சேவல அடிச்சுடு. சாமிக்கு வேற வாங்கி வுட்டுக்கலாம்" என்றேன்.

"இன்னா பேச்சு பேசுற கமலம்? சாமிக்கு நேந்தத தொட்டுட்டு, அப்புறம் எம்புள்ளைய நீ கொண்டாந்து குடுப்பியா?"

பாயில் கிடந்த அமிர்தம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "வாணாம்க்கா. அவரு வரட்டும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டு, இரண்டு முட்டையை அங்கே வைத்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் அமிர்தம் போய்ச் சேர்ந்தாள். சேவல் வாசலில் மேய்ந்துகொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம் தையில் குழந்தைவேல் ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றான். பெண்டாட்டி போன சேதியை வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் முனீஸ்வரன் முன்னால் சேவலை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா வேலியோரம் வந்தாள்.

"கமலம், அமிர்தம் கத்திரிக்காய எப்பப் போடுவா?"

"கறி முக்காவாசி வெந்தப்புறம்க்கா."

நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, மிளகாயும் மல்லியும் அரைத்து ஊற்றி, எல்லாம் அமிர்தம் செய்தபடியே செய்தாள். வயசான சேவல், மத்தியானம் அடுப்பேற்றியது பொழுது சாய்ந்தும் வேகவில்லை. இரண்டு தரம் சுடுதண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுக் காயைப் போட்டாள். காய் குழைந்தது, கறி நார்நாராகவே நின்றது.

என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். குழந்தைவேல் ஒரு வாய் தின்றுவிட்டு, "அமிர்தம் வெச்ச மாதிரியே இருக்குதும்மா" என்றான். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரு துண்டை வெகுநேரம் மென்றான்.

"ரொம்ப முத்தல். எத்தினி வருசத்து சேவலும்மா?"

"உங்கிட்டேருந்து காயிதம் நின்னப்ப நேந்துவுட்டதுடா."

அவன் கை இலையிலேயே நின்றது. "வைத்தியரு கோழிச்சாறு குடுக்கச் சொன்னாராமே. அப்ப இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

"அத்த வெட்டியிருந்தா நீ வந்திருப்பியாடா?" என்று அக்கா கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அவன் செம்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனான்.

அடுத்த மாதமே அவன் திரும்பக் கப்பலேறினான். அக்கா இருந்தவரைக்கும் கோழி வளர்க்கவே இல்லை. ஊர் அவளைத்தான் கல்நெஞ்சுக்காரி என்றது. ஊரோடு சேர்ந்து நானும் சொன்னேன்.

அமிர்தம் கிடந்த அந்த எட்டு நாளும் என் வீட்டுக் கூடைக்கு அடியில் இரண்டு பெட்டைக் கோழிகள் இருந்தன. ஒன்று முட்டையிட்டுக்கொண்டிருந்தது, இன்னொன்று அடையில் இருந்தது. இரண்டையும் நான் எந்தச் சாமிக்கும் நேர்ந்துவிட்டிருக்கவில்லை.