கிணத்துக்கடவுக் கோழிக்கடை

கோழித் தீவனக் கடை வைப்பதற்கு முன்னால், ஊரில் தீவனம் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், நான் பார்க்கவில்லை. தொண்ணூறுகளில் கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப் பக்கம் கடை போட்டேன். பண்ணைகளுக்குத் தீவனம் லாரியில் நேரே போய்விடும். புதுவீடு கட்டியவர்களோ கோழியே வேண்டாம் என்றார்கள். வீட்டிலும் நான் ஒருத்தன், கடையிலும் நான் ஒருத்தன். ஈ ஓட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பகல்களின் நீளம் தெரியும்.

குஞ்சுப் பெட்டி

ஆசை காட்டினால் வாங்குவார்கள் என்று, வாசலில் ஒரு பெட்டியில் குஞ்சுகளை விட்டு மேலே பல்பு எரியவிட்டேன். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பஸ் வந்ததும் ஓடிவிடுவார்கள். ஒரு அம்மா மட்டும் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். ஆள் மாட்டியது என்று, “நாலு எடுத்துக்கங்க அம்மணி” என்றேன்.

“வாங்க வரலீங்கண்ணா. பிள்ளைக ரெண்டும் வெளியூர் போயிருச்சுங்க, ஊட்டுல ஒரு சத்தமில்லை. அதான் இதுக கத்தறதைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போலாம்னு நின்னேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஊசி

ஊர்க் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து, என்னிடம் வாங்கிய சில குஞ்சுகளும் செத்தன. இனி யாரும் வாங்கமாட்டார்களே என்று பயந்து, ஞாயிறு காலை இலவசத் தடுப்பூசி என்று போர்டு எழுதினேன். ஊசி போட மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, பத்து நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டேன். மாரப்பன் என்ற தோட்டவேலைக்காரர் ஒருத்தர்தான், ஒற்றைப் பெட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தே வந்தார். ஊசி போட்டதும் கம்பவுண்டரும் கிளம்பிவிட்டார். மாரப்பனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க, உங்களுக்கும் யாருமில்லைங்களா?”

வாத்தியாரின் முட்டை

மனைவியை இழந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரிடம் பேசிப் பேசி நாலு பெட்டைகளை விற்றேன். தினமும் சாயங்காலம் வந்து எது முட்டையிட்டது, எது அடைக்கு உட்கார்ந்தது என்று சொல்வார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கடையைத் திறந்த நாட்கள் உண்டு. ஒருநாள் பை நிறைய முட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அக்கம்பக்கம் கொடுக்கலாமே என்றதற்கு, அதெல்லாம் அவர் மனைவியின் வேலை, தனக்குப் பழக்கமில்லை என்றார்.

கூடையில் போட்டு, “ஒண்ணு எடுத்துப் போய் ருசி பாருங்க” என்று எழுதி வாசலில் வைத்தேன். அதுதான் பலித்தது. தின்றவர்கள் மறுநாளே குஞ்சு கேட்டு வந்தார்கள். கூண்டு எப்படி அடிப்பது என்று சொல்லித்தர, வாத்தியாரையே அவர்கள் வீடுகளுக்கு அனுப்பினேன். முதலில் கூச்சப்பட்டார். பிறகு சாயங்காலங்களில் ஆளையே காணோம். சந்தையில் பிடித்து ஏன் வருவதில்லை என்றேன். முகம் முழுக்கச் சிரிப்பு.

“நேரமே இல்லீங்க, ஒவ்வொரு ஊட்லயும் காபி குடிக்காம உடமாட்டீங்கறாங்க!”

வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமாம் என்று கடைக்குள்ளிருந்து தனியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.