எதிர்பாராத முடிவும் திறந்த படலையும்

சூத்திரம் எழுதுவது வாடிக்கையாளர், விடை சொல்வது கணினி, பேச்சு வாங்குவது நாங்கள். பிழைச்செய்தி எழுதிப் பிழைக்கிற எல்லாருக்கும் உது தெரிந்த கதைதானே.

ஆக்கள் தட்டுகிற சூத்திரத்தை வாசித்துக் கணக்குப் பார்க்கும் நிரல் ஒன்றை எங்கள் சின்னக் கம்பனி செய்கிறது. சூத்திரம் பிழைத்தால் திரையில் என்ன சொல்லவேண்டும் என்பது என் பாடு. இணுவிலில், வீட்டிலிருந்து, மகள் நித்திரை கொள்கிற நேரத்தில் வேலை. முறைப்பாடு குறையாவிட்டால் பங்குனியோடு திரையில் சூத்திரம் தட்டுகிற பெட்டியையே தூக்கிவிடுவோம் என்று பொறுப்பாளர் அண்ணை சொல்லிப்போட்டார். பெட்டி போனால் நானும் போகவேண்டியதுதான்.

ஆருக்கு முடிவு?

தெல்லிப்பழையில் கோழி வளர்க்கிற அக்கா ஒருவர் தீவனக் கணக்குப் போட்டார். பெருக்கல் குறியைத் தட்டியவர், அதற்குப் பிறகு வரவேண்டிய எண்ணை மறந்துபோனார். உடனே சிவப்பில் ‘எதிர்பாராத முடிவு’ என்று வந்தது. சூத்திரம் பாதியில் நிற்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் கிடந்ததை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தோம். அக்கா கூட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு அழைப்பெடுத்தார்.

“பிள்ளை, கோழியள் எல்லாம் நல்லாத்தான் நிக்குது. ஆருக்கு முடிவாம்?”

வரையறுக்காத கழிவு

சுன்னாகத்து வெங்காய வியாபாரி ஐயா ‘நிறை - கழிவு’ என்று எழுதினார். கழிவு எவ்வளவு என்று எங்கும் சொல்லவில்லை. ‘கழிவு வரையறுக்கப்படவில்லை’ என்றது நிரல். அதற்கு ஓர் எண் கொடுக்கவேண்டும் என்று நான் பக்குவமாக விளக்கினேன்.

“அதெப்பிடித் தங்கச்சி வரையறுக்கிறது? மூட்டையைப் பிரிச்சுப் பாத்தாத்தானே தெரியும்.”

படலை

இதற்குப் பிறகு எல்லாச் செய்தியையும் வீட்டில் கதைக்கிற மாதிரி மாற்றினேன். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், வேலிக் கதவு திறந்து கிடக்கிற மாதிரித்தானே, அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி விழும். பக்கத்தில் ‘படலை திறந்து கிடக்கு, பூட்டிவிடுங்கோ’ என்று வரும். கூட வேலை செய்கிற தர்சன் அதை வாசித்துவிட்டு, நாய் கவனம் என்றும் போடச் சொன்னான். பொறுப்பாளர் அண்ணை சிரிக்கவேயில்லை.

பங்குனிக் கூட்டத்தன்று அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு இருந்தேன். முறைப்பாடு அநேகமாக நின்றுவிட்டது என்றார். பெருமூச்சு விடமுதல் அவருடைய தொலைபேசி அடித்தது. குருநகரில் மீனுக்கு ஐஸ் ஏற்றுகிற வாடிக்கையாளர். தொலைந்தேன் என்று நினைத்தேன். அண்ணை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

“பிழை ஒண்டுமில்லைத் தம்பி. படலையைப் பூட்டச் சொன்னது, பூட்டிப்போட்டன். அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லிவிடுங்கோ.”

பெட்டி இருக்கிறது, நானும் இருக்கிறேன். ஆக, ஊரார் பிழை விடுமட்டும் எங்கள் பிழைப்புக்குப் பயமில்லை.