ஸ்டேஷனுக்கு வாய்த்த சாட்சி

1. முதல் நாள்

நான் காக்கி போட்ட முதல் நாள் எனக்குக் கிடைத்த டியூட்டி, ஒரு பிணத்துக்குக் காவல் நிற்பது. ஐம்பதுகளின் கடைசி. வடகவுஞ்சியைத் தாண்டி, பழனிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையை ஒட்டிய சரிவு. அரை டவுசர், காலில் சுற்றிய பட்டீஸ் துணி, அதற்குள் ரத்தம் குடிக்கும் அட்டை. மூடுபனி வந்து பிணத்தை மூடும், விலகும், மறுபடி மூடும். மூட வேண்டும் என்று மலைக்காவது தோன்றியதே என நினைத்துக்கொண்டேன்.

பெண். நடுத்தர வயது. தலை மொட்டை, மழித்த பச்சை இன்னும் மாறவில்லை. கழுத்தில் தாலி இல்லை, விரலில் மெட்டி இல்லை. ஏட்டு வேலுச்சாமி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தாலியறுத்தவ. பழனியில முடி எறக்கிட்டு மேல ஏறியிருக்கா. கால் வழுக்கிருச்சு. சோலி முடிஞ்சது."

சோலி அவ்வளவு சுலபத்தில் முடியாது. இப்படிக் கிடக்கும் பிணத்துக்கு இன்க்வெஸ்ட் நடத்த வேண்டும். அக்கம்பக்கத்து ஆட்களைப் பிணத்தைச் சுற்றி உட்காரவைத்து, எப்படிச் செத்திருப்பாள் என்று அபிப்பிராயம் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஆட்களுக்குப் பஞ்சாயத்தார் என்று பேர். ஒரு முறை கையெழுத்துப் போட்டவன் வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். நடந்தவர்கள் ஊருக்கு வந்து சொல்லியிருந்தார்கள். ஆகவே எங்கள் தொப்பி தெரிந்த மாத்திரத்தில் வயலில் நின்றவர்கள் எல்லாம் பனியோடு பனியாகக் கரைந்துபோனார்கள்.

கரையாமல் ஒருவன் மட்டும் மேலே பாதையில் நின்றான். தோளில் துண்டு, கையில் கித்தான் சாக்கு.

"நான் உக்காருறேன் ஏட்டையா. பாவம், யாரு பெத்த புள்ளையோ."

அவன் பேர் பெருமாள். பாதை வளைவில் ஓலைக் குடிசை போட்டு, மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு வரக்காப்பி விற்பவன். அவனே போய் இன்னும் நான்கு பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். வட்டமாக உட்கார்ந்தார்கள். ஏட்டு கேட்டார்: "பெருமாளு, நீ என்னய்யா நெனக்கிற?"

"கால் தவறித்தான் விழுந்திருக்கணும் ஏட்டையா."

"கழுத்துல ஏதோ கோடு தெரியுதே?"

"விழறப்ப கொடி கீறியிருக்கும்."

கொடி கீறியதாக எழுதப்பட்டது. மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். பெருமாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கட்டைவிரலை மையில் தோய்த்து அழகாக, கசியாமல் உருட்டினான். பிறகு அவனே குழி வெட்டினான். சாக்கை விரித்துப் பிணத்தைத் தூக்கினான். எல்லாம் முடிந்ததும் எங்களுக்குச் சுடச்சுட வரக்காப்பி. கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"கவனிச்சுக்கப்பா," என்று ஏட்டு என் தோளைத் தட்டினார். "பெருமாளு இருக்கிற வரைக்கும் இந்த ஸ்டேஷனுக்குக் கவலை கெடையாது."

2. என்ன பார்த்தேன்னு சொல்லணும்?

எங்கள் தொழிலில் ஸ்டாக் சாட்சி என்று ஒரு பேச்சு உண்டு. கடையில் சரக்கு இருப்புப் போல, ஸ்டேஷனில் எப்போதும் இருப்பில் இருக்கும் சாட்சி. கள்ளச்சாராய கேஸா, சந்தனக்கட்டை கேஸா, வரப்புச் சண்டையில் அரிவாள் வெட்டா, ஆள் அனுப்பினால் வருவான். எங்கள் ஸ்டாக், பெருமாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அவன் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன பார்த்தேன்னு சொல்லணும் ஏட்டையா?"

ஏட்டு சொல்லிக்கொடுப்பார். ஒரு தடவை சொன்னால் போதும். கூண்டில் ஏறினால் எதிர்க்கட்சி வக்கீல் குட்டிக்கரணம் போட்டாலும் நூல் பிசகாது. இடையில் தானாகவே ஒரு சின்ன விவரம் சேர்ப்பான்: "அப்ப தூறல் விழுந்துக்கிட்டு இருந்துச்சுங்க." அந்தத் தூறலில் கோர்ட்டே நனைந்துவிடும். அவன் வாயால் ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் குற்றவாளிகள் என்று இப்போது நினைக்கத் தொடங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

மறு வருஷம் பங்குனிக் கூட்டம் வடிந்த பிறகு இன்னொரு பெண். அதே பாதை, அதே மொட்டை, அதே வெறுங்கழுத்து. சரிவு மட்டும் கொஞ்சம் தள்ளி. அதே வட்டம், அதே கேள்வி, அதே கொடி, அதே காப்பி. மொட்டைத் தலையும் தாலியில்லாத கழுத்தும் சேர்ந்தால் எங்கள் கண்ணுக்கு அது ஒரு விடையாகிவிடும்: விதவை, பரதேசி, தேட ஆள் இல்லாதவள். தாலி எப்போது போனது, உயிருக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கோயிலுக்குப் போகும்போது கூந்தலும் பூவுமாகப் போனவளைத் தேடி எங்காவது ஒரு வீடு அழுதிருக்கும். அந்த வீடு தேடியது கூந்தல்காரியை. நாங்கள் புதைத்தது மொட்டைத் தலைக்காரியை.

3. தூக்கு

மூன்றாவது பெண்ணைக் கண்டெடுத்தது அறுபதுகளின் தொடக்கத்தில், விடியற்காலைப் பனியில். இந்த முறை சின்ன வயது. நாங்கள் வருவதற்குள் பெருமாள் சரிவில் இறங்கி, பிணத்தின் மேல் சாக்கைப் போர்த்திவைத்திருந்தான்.

"வெள்ளனே பாத்துட்டேன் ஏட்டையா. நரி வந்திரும்னு காவலுக்கு நின்னேன். பசியோட இருப்பீங்க. மொதல்ல இதைச் சாப்பிடுங்க."

குடிசைக்குள்ளிருந்து ஒரு பித்தளைத் தூக்குவாளி எடுத்துவந்தான். மூடியைத் திறந்ததும் வாழைப்பழமும் ஏலக்காயும் தேனும் கலந்த வாசனை. பழனிப் பஞ்சாமிர்தம். இலைக் கிழிசலில் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தான்.

"ஏது பெருமாளு, பழனிக்குப் போனியா?"

"போற வர்றவுக குடுக்கிறதுதான் ஏட்டையா. முருகன் கொடுத்த பொழப்பு."

கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

அப்போது பாதையில் ஒரு அம்மாள் வந்தாள். பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பம். ராக்கம்மா என்று பேர். முழங்கால் வீங்கி, ஒரு கம்பை ஊன்றி, அவ்வளவு தூரமும் இறங்கி வந்திருக்கிறாள். மகள் பொன்னுத்தாயி ஊர்க்காரர்களோடு பழனிக்குப் போனவள். தாய்க்குக் கால் தேற வேண்டுமென்று முடி காணிக்கை. திரும்பும்போது மகளுக்குக் காலில் கொப்புளம், பின்தங்கிவிட்டாள். அடுத்த கூட்டத்தோடு வந்துவிடுவாள் என்று முன்னால் போனவர்கள் வந்துவிட்டார்கள். அடுத்த கூட்டமும் வந்துவிட்டது.

"அய்யா, எம்மகளப் பாத்தீகளா? செவத்த புள்ள…"

ஏட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணம் ஆனவளா?" என்றார்.

"ஆமாங்கய்யா. தாலி போட்டு ரெண்டு வருசமாச்சு."

"அப்ப இது ஒம் மக இல்ல தாயி. இது தாலியில்லாத பொண்ணு. நீ வெரசா ஊருக்குப் போ, மக வந்திருக்கும்."

பெருமாள் பரிவாக ஒரு தம்ளர் காப்பியை நீட்டினான். "குடி தாயி. எங்கயும் போயிருக்காது."

அந்த அம்மாள் காப்பியை வாங்கவில்லை. கண் கீழே போனது. எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்த தூக்குவாளியைப் பார்த்தாள். மெள்ளக் குனிந்து மூடியை எடுத்தாள். மூடியின் ஓரத்து நெளிவைக் கட்டைவிரலால் தடவினாள். ஒருமுறை தடவினாள், மறுபடி தடவினாள்.

"இது எங்க வீட்டுத் தூக்கு."

"தூக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கும்?" என்றார் ஏட்டு.

"நெளிவு நாந்தான் போட்டேன், அம்மிக்கல்லுல விழுந்து. கட்டுச்சோறு கட்டிக் குடுத்துவிட்டது இதுலதான்யா. அடியில பாத்திரக் கடைக்காரரு எம்பேரு வெட்டியிருக்காரு. எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க படிச்சவுக, வாசிங்க."

யாரும் கையை நீட்டவில்லை. நான் எடுத்தேன். பஞ்சாமிர்தம் அடியோடு சரிந்து என் மணிக்கட்டில் வழிந்தது. தூக்கைத் தலைக்கு மேல் உயர்த்தி அடியைப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. பூம்பாறை ராக்கம்மாள்.

உரக்கத்தான் வாசித்தேன். தூக்கைச் சுற்றி உட்கார்ந்த எங்களில் அதை வாசிக்கத் தெரியாதவன் பெருமாள் ஒருவன்தான். மாதக்கணக்கில் அவன் கையில் இருந்திருந்தாலும் அந்த எழுத்து அவனுக்குக் கீறல்தான். படித்த நாங்களோ தின்றுகொண்டிருந்தோம்.

அந்தத் தாய் சரிவைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். கம்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள்.

4. பழக்கம்

பெருமாள் ஓடவில்லை. அதுதான் எனக்கு இன்றும் விளங்காதது. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏட்டின் முகத்தைப் பார்த்து, வழக்கம்போல் தாழ்ந்த குரலில் கேட்டான்:

"என்ன பார்த்தேன்னு சொல்லணும் ஏட்டையா?"

ஏட்டு அறைந்தார். அந்த அறையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

தூக்கைக் கைப்பற்ற மகஜர் எழுத வேண்டும். அதற்கும் இரண்டு சாட்சி வேண்டும். ஏட்டு பாதையில் நின்று, பனியைப் பார்த்துக் கத்தினார்: "யாருய்யா அங்க? சாட்சிக்கு ரெண்டு பேரு வாங்கய்யா!" சுற்றுவட்டாரத்தில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எரிச்சலோடு திரும்பியவர், பத்து வருஷப் பழக்கத்தில், "ஏ பெருமாளு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

விலங்கு மாட்டியிருந்த பெருமாள், "இந்தா வந்துட்டேன் ஏட்டையா" என்று எழுந்துவிட்டான்.

நான் சிரித்தேன். அன்று சிரித்த ஒரே ஆள் நான். பிறகு பாதையோரம் போய், தின்றதை எல்லாம் வாந்தியெடுத்தேன்.

5. ஏன்?

இந்தக் கேள்வியோடு நிறையப் பேர் வந்தார்கள். மனோதத்துவம் படித்த மிஷன் டாக்டர் ஒருவர் சப்-ஜெயிலுக்கு வந்து, சின்ன வயதில் அப்பா அடிப்பாரா என்று கேட்டார். அடிப்பார் என்று பெருமாள் அழுதான். டாக்டர் கண்ணும் கலங்கியது. பிறகு ஒரு பத்திரிகைக்காரர் வந்து, மொட்டையடித்த பெண்களைக் கண்டால் வெறி வருமா என்று கேட்டார். வரும் என்றான். பேய் பிடித்ததா என்று வார்டர் கேட்டார். பிடித்தது என்றான், பேயின் பேரையும் சொன்னான். ஒவ்வொருவரும் தாங்கள் கொண்டுவந்த பதிலையே வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். கேட்பவனுக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்ல அவனைப் பழக்கியது யார்?

கோர்ட்டுக்கு அவனைக் கூட்டிப்போகும் பஸ்ஸில் நான்தான் எஸ்கார்ட். மலைப்பாதைத் திருப்பங்களில் அவன் தோள் என் மேல் சாயும். ஒருநாள் நான் கேட்காமலேயே பேசினான்.

"மொதல்ல ஆனப்ப பயந்துட்டுத்தான் சார் நின்னேன். தேடி வருவாகன்னு. யாரும் வரல. நீங்கதான் வந்தீக. வட்டமா உக்காந்தோம். 'பெருமாளு, நீ என்னய்யா நெனக்கிற'ன்னு ஏட்டையா கேட்டாரு பாருங்க…"

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். அவன் முகத்தில், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்ட பையனின் வெளிச்சம் இருந்தது. அவன் உள்ளே என்ன இருந்தது என்று நான் கண்டது அந்த ஒரு கணம்தான். அதுவும் எனக்கென்று தயாரித்துக் கொடுத்த தூறலா, தெரியாது.

6. கூண்டு

ராக்கம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கேஸ் முடியும்போது காகிதத்தில் அவள் மகள் 'கால் தவறி விழுந்தாள்' என்று இருக்கக்கூடாது. "எம்மக மலையில பொறந்தவய்யா. மழையில, பாசியில ஓடுன காலு. அவ வழுக்குவாளா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

எதிர்க்கட்சி வக்கீல் ஏட்டைக் கூண்டில் ஏற்றி நிதானமாகக் கேட்டார். "இதே பெருமாளை இத்தனை கேஸில் நம்பகமான சாட்சி என்று நிறுத்தியது நீங்கள்தானே? முதல் இரண்டு பெண்களும் கால் தவறித்தான் விழுந்தார்கள் என்று அவர் சொன்னதை ஏற்று எழுதியதும் நீங்கள்தானே? அவர் பொய்யர் என்றால் அவர் சொல்லால் ஜெயிலில் இருப்பவர்களை இன்றே விடச் சொல்லுங்கள். உண்மை பேசுகிறவர் என்றால் அவரையே விடுங்கள்."

ஏட்டு தண்ணீர் கேட்டார்.

பொன்னுத்தாயியின் குரல்வளை எலும்பு உடைந்திருந்தது. விழுந்தாலும் உடையலாம் என்று பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் ஒப்புக்கொண்டார். தூக்கு பாதையில் கிடந்தது, எடுத்தேன் என்றான் பெருமாள். தாலியும் மெட்டியும் கடைசிவரை அகப்படவில்லை. முதல் இரண்டு பெண்களுக்குப் பேரே இல்லாததால் அவர்களுக்காகக் கேஸும் இல்லை. கொலைக்கு விடுதலை. திருட்டுப் பொருள் வைத்திருந்ததற்குச் சில காலம் ஜெயில். அவன் உள்ளே இருந்த காலம் முழுவதும் அந்தப் பாதையில் ஒரு பெண்ணுக்கும் கால் தவறவில்லை.

7. ரசீது

தூக்கை உரியவரிடம் ஒப்படைக்கக் கோர்ட் உத்தரவு வந்தது. ராக்கம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள். நான் அதை விளக்கித் துடைத்து மேசைமேல் வைத்திருந்தேன்.

"இது கெடக்கட்டும்யா. எம்மக வழுக்கி விழலன்னு ஒரு வரி எழுதினீகளா?"

ஏட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கோர்ட்டு முடிச்சிருச்சு தாயி. நாங்க மாத்த முடியாது. நீ கைநாட்டு வச்சு வாங்கிக்க." பிறகு, பழக்கம் விடுமா, வாசலைப் பார்த்து, "ஒப்படைச்சதுக்கு ஒரு சாட்சி வேணுமே. யாருய்யா வெளிய?" என்றார்.

வெளியே யாரும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

ராக்கம்மா கம்பை ஊன்றி எழுந்தாள். குரல் உயரவில்லை.

"ஆள் தேடாதீக. ஒங்க சாட்சி உள்ள இருக்கான். வெளிய வந்ததும் சொல்லி விடுங்க, அப்ப வந்து வாங்கிக்கிறேன்."

அவள் வரவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை தூக்கு அந்த அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது. பித்தளை கறுத்துப்போனாலும் பேர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

புதிதாகக் காக்கி போடும் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிணத்தைச் சுற்றி எல்லோரும் கலைந்து ஓடும்போது ஒருவன் மட்டும் சாக்கோடும் காப்பியோடும் வந்து நின்றால், காப்பியை வாங்காதே. முதலில் அவனை விசாரி. அவன் நல்லவனாகவே இருந்தால் கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும்.