"உட்காருங்கள்... இன்னும் முடியவில்லை!"

போன ஞாயிறு கொப்பன்ஹேகனில் ஒரு கல்யாணச் சாப்பாடு. எண்பது பேர். தூரத்து ஊரான ஹேர்னிங்கிலிருந்து ரயிலேறி, கப்பலேறி வந்தவர்களும் உண்டு. மாப்பிள்ளை நம் தமிழ்ப் பையன் ஜெகன். பந்தி நடந்த இடம் – யூதர்களின் சமூக மண்டபம்!

எப்படி என்கிறீர்களா?

ஜெகன் அங்கே துப்புரவு வேலை செய்கிறான். நகரசபையில் பதிவுக்கு நாள் குறித்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பேசி வைத்திருந்த மண்டபக்காரர் பத்து நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டார். எண்பது பேரை எங்கே உட்கார வைப்பது? பையன் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கள் மண்டபத்தைக் கேட்டுப் பாரேன்" என்றார் ரூத். அந்தச் சமூகத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கும் டீச்சர். ஜெகன் கடிதம் கொடுத்தான். கொஞ்சம் டேனிஷ் தெரிந்த பாவத்துக்காகக் குழுக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனான்.

மேசையைச் சுற்றி ஆறு பேர். ஐந்தாவது நிமிடமே காப்பியை மறந்துவிட்டார்கள்.

"உலக யுத்தத்தில் நாம் படகேறிச் சுவீடனுக்குத் தப்பியபோது நமக்கும் யாரோ கதவு திறந்தார்கள்" என்றார் ரூத்.

"எதற்கெடுத்தாலும் அந்தப் படகைக் கொண்டுவராதே!" பாய்ந்தார் தையல்கடை ஹெர்மன். "மண்டபம் நம் ஆட்களுக்கு. இன்றைக்கு ஒரு கல்யாணம்... நாளைக்கு?"

முதியவர் ஐசாக்குக்கு மண்டபம் பிரச்சினையில்லை, சமையலறைதான் பிரச்சினை. அவர்கள் சமயப்படி பால் பாத்திரம் வேறு, இறைச்சிப் பாத்திரம் வேறு. "இவர்கள் எதை எதில் கிண்டுவார்களோ, யார் கண்டது?" என்றார்.

மேசையில் அடி விழுந்தது. ஜெகன் என் கையைப் பிடித்தான். "அண்ணை, எங்களாலை இந்தச் சனத்துக்குள்ளை பிளவு வேண்டாம். எழும்புங்கோ, போவம்."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. நம் தமிழருக்குள் இரண்டு அபிப்பிராயம் வந்தால் மறுவாரமே இரண்டு சங்கம் ஆயிற்றே! எழுந்து, "கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்றேன்.

ஆறு பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"உட்காருங்கள்! இன்னும் முடியவில்லை!"

அன்று அவர்கள் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றுதான். அதிலும் ஹெர்மன் குரல்தான் பெரிது.

இன்னும் ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் ஐசாக் இறங்கி வந்தார். மரக்கறிச் சமையல் மட்டும். பாத்திரம் அவர்களுடையது. அவர்கள் முறைப்படி அடுப்பை அவரே பற்றவைப்பார். அரிசி, பருப்பு எல்லாம் அவர் கண்ணில் பட்ட பிறகே சட்டிக்குள் போகும். வாக்கெடுத்தார்கள். நான்குக்கு இரண்டு... மண்டபம் நமக்கு! ஜெகன் அழுதேவிட்டான்.

ஞாயிறு காலை ஐசாக் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரிசியில் பூச்சி தேடினார்; பூச்சி அவர்கள் சமயத்தில் விலக்காம். கீரையை இலை இலையாகப் பிரித்துப் பார்த்தார். சமையலுக்கு நின்ற மாலா அக்கா அசந்துபோனார். "என்ர மாமியையே சமாளிச்சனான் அண்ணை. இவர் அவவை விடப் பெரிய ஆள்!"

பந்தி அமர்க்களம். பாதியில் கோட்டும் டையுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். பார்த்தால்... ஹெர்மன்!

"நீங்கள் எதிர்த்தல்லவா வாக்களித்தீர்கள்?" என்றேன்.

"இப்போதும் எதிர்ப்புத்தான்" என்றார், தட்டை நீட்டியபடி. "அந்த வடை இன்னும் இருக்கிறதா?"

தோற்றவரும் பந்திக்கு வருகிற கூட்டத்தை யாரால் உடைக்க முடியும், சொல்லுங்கள்!