கப்பல் சாம்பாருக்கு ஒரு சான்றிதழ்

கல்யாணப் பந்தியில் பத்ரிநாராயணன் உட்கார்ந்திருந்தால் அந்த வரிசையில் யாரும் அவசரப்பட்டு அபிப்பிராயம் சொல்லமாட்டார்கள். சாம்பார் சாதத்தின் முதல் கவளம் அவர் வாய்க்குள் போக வேண்டும். கண்ணை மூடுவார். தாடை சில தரம் அசையும். பிறகு, "பெருங்காயத்தைப் புளி கொதிச்சப்புறம் போட்டிருக்கான்" என்பது மாதிரி ஏதாவது சொல்வார். எதிர்வரிசை வரைக்கும் அது போய்ச் சேரும். அதுவரை சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட, நாமும் அதையேதான் நினைத்தோம் என்று முகத்தை மாற்றிக்கொள்வார்கள். சமையல் காண்ட்ராக்டர் அப்புறம் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வரமாட்டார்.

அண்ணா சாலையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அங்கே அவர் என்ன பார்த்தார் என்று இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவருக்கே கொஞ்சம் சந்தேகம்தான். பாட்டு வராது. கோயில் கமிட்டியில் இடம் கிடைக்கவில்லை. வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு ஃபிளாட், பி.பி. மாத்திரை, மனைவி நீரஜா, அடையாறில் கட்டிக்கொடுத்த பெண் ஹம்சினி. இவ்வளவும் போக அவருக்கென்று இருந்தது அந்த நாக்கு. ஊர் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டதெல்லாம் அந்த நாக்கு உட்காருவதற்காகத்தான்.

ஊரெல்லாம் ஜுரத்தில் கிடந்த வருஷத்தில் அந்த நாக்கு செத்துப்போயிற்று.

எல்லோருக்கும்தான் போனது, கொஞ்ச நாளில் எல்லோருக்கும் திரும்பி வந்தது. அவருக்கு வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் மந்தைவெளியில் ஒரு டாக்டரைப் பார்த்தார். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, நீங்கள் எந்தச் சிலர் என்பது போகப் போகத் தெரியும் என்றார் டாக்டர். போகப் போகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் நீரஜாவின் சாம்பாரும் சுட வைத்த தண்ணீரும் ஒன்றுதான். சூடு தெரியும். அப்பளம் நொறுங்குவது தெரியும். மிளகாய் எரியும். அதற்கு மேல் வாய்க்குள் எதுவும் நடக்காது.

வெளியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பி.பி. உள்ள ஒரு பென்ஷன்காரர். அப்படிப்பட்டவர்கள் மயிலாப்பூரில் ஏற்கனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள்.

ஆகவே பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். மேலே எண்ணெய் பிரிந்திருக்கிறதா, பருப்பு அடியில் தங்கியிருக்கிறதா, பக்கத்து இலைக்காரர் தண்ணீர் குடிக்கிறாரா என்றெல்லாம் பார்த்துத் தீர்ப்பு வழங்கினார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நாக்கு உயிரோடு இருந்த காலத்திலாவது இரண்டொருவர் அவரை எதிர்த்துப் பேசியதுண்டு. செத்த பிறகு ஒரு எதிர்ப்பும் கிடையாது. புகழ் தி.நகர் வரைக்கும் போயிற்று.

வெளியே இப்படி ஓடிற்று. வீட்டில்தான் வினை. கல்யாணமான நாளிலிருந்து நீரஜாவின் சமையலை அவர் ஒருமுறைகூட "நன்றாக இருக்கிறது" என்று சொன்னதில்லை. உப்பு ஒரு துளி தூக்கல், புளி ஒரு துளி கம்மி என்பார். அந்த ஒரு துளிக்குள் வந்துவிட்டால் அதுதான் பாராட்டு என்று அவளும் புரிந்துவைத்திருந்தாள். இப்போது திடீரென்று தினமும் நன்றாக இருக்கிறது என்றால் அன்றைக்கே ஹம்சினிக்கு போன் போகும், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர் என்று. அதனால் பழைய வழக்கத்தை விடாமல், ஒருநாள் தூக்கல் என்றார், மறுநாள் கம்மி என்றார். எதற்கு எதைச் சொல்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னார்.

நீரஜா அதை நம்பிக் கையைத் திருத்தினாள். கம்மி என்ற மறுநாள் கூட்டிப் போட்டாள், அவளுக்கே கரித்தது, ஆனால் அவர் இன்னும் கம்மி என்றார். சரி, என் கணக்குதான் தப்பு என்று இன்னும் கூட்டினாள். இப்படி நாலு வருஷத்துக்கு மேல். ஹம்சினி வந்து சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்பாள். அவள் பிஸ்கட்டையும் நன்றாகத்தான் இருக்கிறது என்பவள். கடைசியில் போன தை மாதம் நீரஜா அடுப்பைத் துடைத்து மூடிவிட்டாள். கை போய்விட்டது என்றாள். லஸ் பக்கத்திலிருந்து மெஸ் சாப்பாடு கேரியரில் வர ஆரம்பித்தது. பத்ரி அன்று மத்தியானமே மெஸ் சாம்பாரில் புளி தூக்கல் என்றார்.

அம்மா இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்றுதான் ஹம்சினி கப்பலுக்குப் பணம் கட்டினாள். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் இலங்கையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். தி.நகரில் இந்த மாதிரி யாத்திரைகளுக்கு ஆள் சேர்க்கும் பரத்வாஜ் ஒரு பெரிய கோஷ்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பத்ரி வருகிறார் என்றதும் கோஷ்டி இன்னும் பெருத்தது. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்று பரத்வாஜ் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கப்பலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு தளத்தில் நாற்காலி இழுத்துவிட்டுப் பரிமாறும் ஹால். இன்னொரு தளத்தில் பஃபே. காசு தனியாகக் கொடுத்தால் ஜப்பானும் இத்தாலியும். வெங்காயம் பூண்டு வேண்டாதவர்களுக்கு ஜைனக் கவுண்டர். சதா தோசை வார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர். நம் கோஷ்டி ஒரே தட்டில் பாஸ்தா, ராஜ்மா, ஜிலேபி, கேக், தயிர்சாதம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு முறையிட்டது. இட்லி துடைத்துப்போட்ட ஸ்பாஞ்ச். சாம்பார் பாயசம். ஜைனக் கவுண்டரில் எல்லாவற்றிலும் தக்காளியும் சர்க்கரையும். எதை எடுத்தாலும் ருசியே இல்லை என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல்.

பத்ரிக்கு அன்று மட்டும் மனசு லேசாக இருந்தது. இத்தனை காலமும் தனியாக இருந்த இடத்துக்கு ஊரே வந்து சேர்ந்த மாதிரி. ஜிலேபியை ஒதுக்கிவிட்டு, "ஒண்ணுமே தெரியலை" என்று முழு உண்மையைச் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

மறுநாள் காலை பரத்வாஜ் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கோஷ்டி கலகம் செய்கிறது, அடுத்த டிரிப்புக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் போலிருக்கிறது, மாமா ஏதாவது ஒன்றையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பிழைத்துக்கொள்வேன் என்று கையைப் பிடித்தார். புலம்பல் தாங்காமல் கப்பல்காரர்களும் இன்று நம் ஊர்ச் சமையலுக்கென்று ஒரு மாஸ்டரை இறக்குகிறார்களாம்.

மத்தியானம் தென்னிந்தியக் கவுண்டரில் சாம்பார் வந்தது. பத்ரி எட்டிப் பார்த்தார். நிறம் சரி. மேலே எண்ணெய் மினுங்கிற்று. கறிவேப்பிலை துவளவில்லை. ஒரு ஸ்பூன் வாயில் விட்டுக் கண்ணை மூடினார். கோஷ்டி தட்டோடு பின்னால் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக பத்ரிநாராயணன் நிபந்தனையில்லாத சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்.

"அளவு பிசகலை. இதுக்கு மேல யாரும் பண்ண முடியாது."

வரிசை முண்டியடித்தது. உட்கார்ந்து முதல் வாய் வைத்தார்கள். பிறகு ஒருவர் தண்ணீர் எடுத்தார். இன்னொருவர் அப்பளம் இருக்கிறதா என்று கேட்டார். பரத்வாஜின் மனைவி சாருலதா மட்டும், லேசாக உப்பு தெரிகிறதோ என்று இழுத்தாள். கடல் காற்று, நாக்கில் உப்பு படியும், அதனால் அப்படித் தோன்றும் என்று பரத்வாஜ் விளக்கினார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கடல் காற்றைக் குறைசொல்லிக்கொண்டே அத்தனை சாம்பாரையும் சாப்பிட்டார்கள். சிலர் இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார்கள், ரசனை இல்லாதவர்கள் என்று ஆகிவிடக் கூடாதே.

நீரஜா ஒரு வாய் வைத்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

பத்ரி கை கழுவப் போன இடத்தில் கவுண்டர்காரர் லாசர் வந்து வணக்கம் சொன்னார். பட்டினப்பாக்கத்துக்காரர், தலை நரைத்தவர், தமிழ்க் குரல் கேட்டால் நின்று பேசிவிட்டுப் போகிறவர்.

"டேங்க்ஸ் சார். மாஸ்டரு போட்ட உப்பு தெரியாம இன்னொருத்தன் ஒரு தபா போட்டுட்டான். வாயில வைக்க முடியல. சாம்பார் டின்ன எடுக்கறதுக்குள்ள நீங்க சூப்பருன்னுட்டீங்க. எங்களுக்கே ஒண்ணும் பிரியல. மாஸ்டரு உங்கள பாக்கணும்னு சொல்லிக்கினு கீறாரு."

பத்ரி ஈரக் கையோடு அப்படியே நின்றார். லாசர் சொன்னதில் அவருக்குக் கேட்டது அவமானம் இல்லை. ஸ்பூனைக் கீழே வைத்த நீரஜாவின் கைதான் கண்ணில் நின்றது.

அவளைத் தளம் தளமாகத் தேடி மேல்தளத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டீ, காபி வைத்திருந்த மேஜைக்கருகே நீரஜா உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"கை போயிடுத்துன்னுதான் இத்தனை நாள் நெனச்சிண்டிருந்தேன்" என்றாள். "இப்போ நாக்கும் போயிடுத்து. அந்தச் சாம்பார் எனக்குக் கரிச்சுது. உள்ளே இறங்கலை. நீங்க அளவா இருக்குன்னேள். அத்தனை பேரும் சாப்பிட்டா. எனக்கு மட்டும்தான் கரிக்கறது."

"கரிச்சுது நீரஜா. ரெண்டு தரம் உப்பு போட்டிருக்கான். உனக்குச் சரியாத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை. அந்த ஜுரத்துலேர்ந்து எனக்கு ருசியே கிடையாது. உன் சமையல்ல ஒரு குத்தமும் இல்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிண்டிருந்தேன்."

நீரஜா திரும்பி அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அது நம்பியவள் சிரிப்பாக இல்லை.

"போறும் போங்கோ. நான் என்ன குழந்தையா?"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"போன வாரம் மெஸ் மோர்க்குழம்புல தேங்காய் பழசுன்னு கண்டுபிடிச்சேளே."

"சும்மா சொன்னேன்."

"அவன் ஒத்துண்டானே."

"அவன் பயந்துண்டு ஒத்துண்டான்."

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய பேச்சிலேயே இதுதான் அன்பானது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதுதான் சங்கடம். அன்பாக இருந்ததாலேயே அது உண்மையாக இருக்க வழியில்லை.

பத்ரிக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு கப் காபியை எடுத்தார். பக்கத்துத் தட்டிலிருந்த உப்புப் பொட்டலங்களைக் கை நிறைய அள்ளி, ஒவ்வொன்றாகக் கிழித்து அதில் கொட்டினார். கலக்கினார். அவள் பார்க்கப் பார்க்கக் குடித்தார். புருவம்கூட அசையவில்லை. வெந்நீரைக் குடிப்பது போலக் குடித்துக்கொண்டே போனார்.

நீரஜா எழுந்து கப்பைப் பிடுங்கினாள்.

"பி.பி.யை வெச்சுண்டு என்ன காரியம் இது! என்னைத் தேத்தறதுக்காக இவ்வளவு உப்பைக் குடிப்பாளா யாராவது? எனக்குத் தெரியாதா உங்க நாக்கு?"

அவருடைய உதடு உப்பில் வெளுத்திருந்தது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அவள் தண்ணீர் பாட்டிலை அந்த வாயில் வைத்தாள்.

அன்று டின்னருக்குள் நீரஜா சொல்லி சாருலதாவுக்கு விஷயம் தெரிந்தது. கப்பல் துறைமுகத்துக்குத் திரும்புவதற்குள் கோஷ்டிக்கே தெரிந்தது. பெண்டாட்டி மனசு நோகக் கூடாதென்று ஒரு கப் உப்பை முகம் சுளிக்காமல் குடித்த மனிதர். அத்தனை நுட்பமான நாக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று சிலர் தழுதழுத்தார்கள். எனக்கு ருசி தெரியாது என்று பத்ரி ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். பாருங்கள் அடக்கத்தை என்றார் பரத்வாஜ். அடுத்த டிரிப்புக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

வீடு திரும்பிய பிறகு அடுப்பைப் பற்ற வை என்று அவர் நீரஜாவிடம் கெஞ்சினார். நாக்கும் இல்லாமல் கையும் இல்லாமல் எதைச் சமைப்பது என்று அவள் கேட்டாள். அதில் கோபம் இல்லை.

அன்றிலிருந்து பத்ரி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் பொய் சொல்வதில்லை. மெஸ் கேரியர் வந்ததும் நீரஜா திறப்பாள்; தான் வாயில் வைக்கமாட்டாள்; ஒரு ஸ்பூனை அவரிடம் நீட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பாள்.

"தெரியலை" என்பார்.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று மூடியை மூடிவிட்டு போனை எடுப்பாள். "எப்பவும் ஏதாவது ஒரு குத்தம் சொல்லுவார். இன்னிக்கு அவருக்குச் சொல்லவே மனசு வரலை" என்பாள் மெஸ்காரரிடம். இதுவரை லஸ் போயிற்று, மந்தைவெளி போயிற்று, இப்போது சைதாப்பேட்டையிலிருந்து வருகிறது. அதுவும் அதிக நாள் தாங்காது.

இரவில் கேரியர் சாதத்தில் தயிரை விட்டுப் பிசைந்து இரண்டு தட்டில் வைக்கிறாள். உப்பு போட்டேனா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள். ஒரு வாய் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கமாட்டாள், தன் நாக்கை அவள் நம்புவதில்லை. அவரைப் பார்க்கிறாள். அவர் தட்டைப் பார்க்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தட்டிலும் இன்னும் கொஞ்சம் போடுகிறாள்.