பூஜ்ஜியம் காட்டிய மீட்டர்

கோவில்பட்டியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எந்தக் கிணற்றில் எந்நேரம் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால், ஊர் ஊராக அதைப் பகிர்ந்து கொடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம் என்று பார்த்தவரிடமெல்லாம் பேசினேன். தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டுமே! விவசாயத்துக்கு இலவச மின்சாரம்; நான் பார்த்த எந்த மோட்டாரிலும் மீட்டர் கிடையாது. மாட்டுகிறேன் என்று போன ஊர்களிலெல்லாம் மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

எப்போதும்வென்றான் பக்கம் ஓர் அண்ணாச்சி மட்டும் சம்மதித்தார். செம்மறி மேய்ப்பவர். கிணற்றடியில் கொஞ்சம் மிளகாய் போட்டிருந்தார். இது என் படிப்புக்குத்தான், பில் வரவே வராது என்று கையிலடித்துச் சத்தியம் செய்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

முதல் மாதம் மீட்டர் பூஜ்ஜியம் காட்டியது. பேராசிரியர் என் வயரிங்கைத் திட்டினார். வேறு மீட்டர் மாட்டினேன். அடுத்த மாதமும் பூஜ்ஜியம். மிளகாயோ செழித்துக் கிடந்தது. மழையாக இருக்குமோ என்றார் பேராசிரியர். அவர் வெளியூர்க்காரர், பாவம்.

மூன்றாம் முறை சொல்லாமல் கொள்ளாமல் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தடதடவென்று சத்தம். கிணற்றடியில் ஒரு வாடகை ஆயில் இஞ்சின் கரும்புகை கக்கிக்கொண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓசிக் கரண்டில் ஓட வேண்டிய மோட்டார் சும்மா நின்றது. என் மீட்டரில் தூசி படாமல் அண்ணாச்சி தன் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார்.

"ஒரு நம்பர்கூட ஓட விடலை தம்பி," என்றார் பெருமையாக. "கூடுதலா ஓடிச்சுன்னா நாளைக்கு இலவசத்தை நிப்பாட்டிருவாவ. என்னால ஊருக்கே போயிரும்லா."

என் சத்தியத்தை அவர் நம்பவே இல்லை. என்னை விரட்டவும் மனசு வரவில்லை. இஞ்சின் வாடகைக்கும் டீசலுக்கும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஆட்டுப் பட்டியைக் கைகாட்டினார். பாதி காலி. ஒவ்வொரு தடவை தண்ணீர் பாய்ச்சவும் எட்டயபுரம் சந்தையில் ஓர் ஆட்டை விற்றிருக்கிறார்.

அப்போதே மீட்டரைக் கழற்றிப் பையில் போட்டேன். பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார். எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. பஸ் வந்தபிறகுதான் கேட்டார்.

"தம்பி, இனி நம்ம மோட்டாரைப் போட்டுக்கிடலாமா?"